பாதிச் சூடு பாட்டரிக்குள்ளே

அன்புள்ள சின்னவளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். எல்லோரும் சுகம் என்று எழுத முடியவில்லை, பதறாமல் படி. அண்ணனுக்கு இடது கண்ணில் பாட்டரி ஆசிட் தெறித்துவிட்டது. வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிக்கிறார்கள், பார்வை எப்படி என்று அன்றைக்குத்தான் தெரியும் என்கிறார் டாக்டர்.

அவனுடைய குஞ்சு பொரிக்கும் பெட்டியில் கரண்ட் போனால் முட்டைகள் ஆறிப்போகின்றன என்று, பழைய பாட்டரிகளைக் கோத்து ஒரு ஹீட்டர் கம்பி வைத்துக் கொடுத்தேன். சூடு போதவில்லை. முப்பது வருஷம் வயர் இழுத்தவன் மகளிடம் கேட்பதா என்று ஒரு வீம்பு, உனக்குப் போன் செய்யாமல் உன் காலேஜ் நோட்டை எடுத்தேன். பாட்டரிக்குள் இருக்கும் தடை எவ்வளவோ, வெளியே மாட்டும் தடையும் அவ்வளவே இருந்தால் அதிகபட்ச பவர் கிடைக்கும் என்று கட்டம் கட்டி எழுதியிருந்தாய். பாட்டரிகளை அளந்தேன், உள்ளே ஒரு ஓம். நாலு ஓம் கம்பியைக் கால்வாசியாக வெட்டி ஒரு ஓம் ஆக்கினேன். பெட்டி ஜம்மென்று சூடேறியது, அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். அரை மணியில் பாட்டரியும் அதே அளவுக்குக் கொதித்து உப்பிவிட்டது. என்ன வாடை என்று அண்ணன் குனிந்து பாட்டரி மூடியைத் திறந்தான்.

யார் சொல்லிக் கம்பியை வெட்டினீர்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டான். தங்கச்சி நோட்டில் இருந்தது என்று சொல்லிவிட்டேன். அன்று முதல் உன் பேரை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். உன் போனை அவன் எடுக்காதது அதனால்தான். வேலை மும்முரம் என்று அம்மா உன்னிடம் சொன்னது நான் சொல்லச் சொன்ன பொய்.

நேற்று அந்த நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். இப்படி மாட்டினால் பாதிச் சூடு பாட்டரிக்குள்ளேயே எரியும், பாட்டரிக்கு இதைச் செய்யவே கூடாது என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய். எனக்கு வேண்டியது கிடைத்ததும் நான் நோட்டை மூடிவிட்டிருக்கிறேன்.

நாளைக்கே இதை அண்ணனிடம் சொல்லிவிடுவேன் கண்ணு. கட்டுப் பிரிக்கும்வரை பொறுங்கள் என்கிறாள் அம்மா. பொறுத்தால் நடக்காது. கண் நன்றாகத் தெரிந்தால் அந்தச் சந்தோஷத்தில் சொல்லாமலே விட்டுவிடுவேன், தெரியாமல் போனால் சொல்லத் தைரியம் வராது. என்னை எனக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள், நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, அண்ணன் கூப்பிட்டால் உடனே போனை எடு. என்னைத் திட்ட அவனுக்கு ஒரு ஆள் வேண்டும், நீயும் சேர்ந்து திட்டு.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா