வேலிக்கு இந்தப் பக்கம்

ஆகஸ்ட் 29, செவ்வாய்

மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். என் தோழி டீ போன் செய்தாள். ரீனோ விமானப் பந்தயத்துக்கு வேன் பேசிவிட்டாளாம், ஆறு பேர். "இந்த வருஷம் நாமளும் மத்தவங்க மாதிரி கேலரியில உக்காந்து பாப்போம், லெனோர். எம்மெட்டும் வர்றான்."

மே மாதம் டாக்டர் என் இதயத்தைப் பார்த்துவிட்டு, இனி விமானம் ஓட்டக்கூடாது என்றார். ஜூனில் என் இரட்டை இறக்கை விமானத்தை கேட்லின் என்ற பெண்ணுக்கு விற்றேன். பத்தொன்பது வருடம் அதற்கு மெக்கானிக்காக இருந்த எம்மெட்டிடம் சொல்லாமல் விற்றேன். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை.

செப்டம்பர் 4

எம்மெட் கூப்பிடவில்லை. நான் மட்டும் கூப்பிட்டேனா?

செப்டம்பர் 16, சனி

இன்று ரீனோ பந்தயம். எழுதிவிடுகிறேன்.

வேனில் எம்மெட் முன்னால் உட்கார்ந்தான், நான் கடைசி சீட்டில். டீயின் புருஷன் ரஸ், "ரெண்டு பேரும் டைவர்ஸ் ஆன ஜோடி மாதிரி இருக்கீங்களே!" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

போர் விமானங்கள் தலைக்கு மேல் குட்டிக்கரணம் போட்டபோது கூட்டமே அண்ணாந்து பார்த்தது. எம்மெட் மட்டும் விமானங்கள் நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு எங்கள் பந்தயம், நான் வருஷா வருஷம் ஓட்டிய இரட்டை இறக்கை விமானப் பந்தயம். எட்டு விமானங்கள். என் மஞ்சள் விமானத்துக்கு கேட்லின் நீலம் அடித்துவிட்டாள். மூன்றாவது சுற்றில் அதன் சத்தம் மாறியது. யாருக்கும் தெரியவில்லை, எம்மெட் மட்டும் எழுந்துவிட்டான். "எண்ணெய் போகுது." அடுத்த நொடி புகை. கேட்லின் மற்ற விமானங்களிலிருந்து விலகி மேலே ஏறினாள், சுற்றி வந்து தரையைத் தொட்டாள். கடவுளே — தொட்டுவிட்டாள்.

எம்மெட் படிகளில் ஓடினான். விமானங்கள் நிற்கும் இடத்துக்குப் போகும் வாசலில் காவலாளி, "பாஸ் இருக்கா சார்?" என்றான். எம்மெட் நெஞ்சைத் தடவினான். எப்போதும் அட்டை தொங்கும் இடம். அங்கே சட்டைப் பொத்தான்தான் இருந்தது.

வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றான். நான் பக்கத்தில் போனேன்.

"இடது பக்க எண்ணெய்க் குழாய் தாங்கியில உரசும். வருஷா வருஷம் ரப்பர் மாத்துவேன். அந்தப் பொண்ணுக்கு யாரு சொன்னா?"

எனக்கே தெரியாதே. அந்தப் பெண் செத்திருந்தால்?

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, லெனோர்."

"சொல்லியிருந்தா நீ விக்க விட்டிருக்க மாட்ட."

"ஆமா. விட்டிருக்க மாட்டேன். ஷெட்டுலயே வச்சிருப்போம். வாரத்துக்கு ஒரு நாள் இஞ்சினை ஓட விட்டுட்டு, பக்கத்துல உக்காந்து காபி குடிச்சிருப்போம். அது உனக்குப் போதாதா?"



முகமெல்லாம் எண்ணெயோடு கேட்லின் வேலியருகே வந்தாள். "நீங்கதான எம்மெட்? கொஞ்சம் பாக்க முடியுமா?" காவலாளியிடம் பேசி உள்ளே அழைத்தாள். "நீங்களும் வாங்க" என்றாள் என்னிடம். கால் வலிக்கிறது என்றேன். எம்மெட் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு இஞ்சின் மூடிக்குள் குனிந்துவிட்டான்.

செப்டம்பர் 17

நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன்.

அக்டோபர் 9

எம்மெட் வீட்டுக்கு வந்தான், ஜூனுக்குப் பிறகு முதல் தடவை. கேட்லின் தன் ஊரான ஐடஹோவுக்குக் கூப்பிடுகிறாளாம். குளிர்காலம் முழுக்க இஞ்சினைப் பிரித்துச் சரிசெய்ய வேண்டுமாம், அதன்பின் அங்கேயே வேலை.

"என்ன சொல்லட்டும் அவகிட்ட?"

"போ. உன் கைக்கு வேலை வேணும்."

தொப்பியைச் சுழற்றிக்கொண்டே நின்றான். "வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?"

"இல்ல."

பொய். இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் பிடித்து வைத்து நான் என்ன தரப்போகிறேன், மாத்திரை டப்பாவையா?

நவம்பர் 2

இன்று கிளம்பிவிட்டான். ரஸ்தான் கொண்டுபோய் விட்டான். நான் போகவில்லை. ஏன் போகவில்லை? போயிருக்கலாம்.

பிப்ரவரி 18

பனி. மூன்று வாரத்துக்குப் பிறகு எம்மெட் போனில் பேசினான். குரலில் என்ன சந்தோஷம்! "எங்க இஞ்சின் இப்ப ஓடுறதைக் கேக்கணும் நீ. அவ்வளவு சுத்தம்!"

எங்க. பத்தொன்பது வருடமும் 'நம்ம இஞ்சின்' என்றே சொன்னவன்.

நல்லது எம்மெட், ரொம்ப நல்லது என்றேன். மருந்தெல்லாம் சரியாகச் சாப்பிடுகிறேனா என்று கேட்டான். சாப்பிடுகிறேன் என்றேன்.