ஈரத்தைக் கழித்த எடை

மரக்காணம்
17.8.2005, புதன்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

தனகோடி எழுதுவது. நானும் தமிழ்நிலாவும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் அப்படி இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தன் தங்கை நிக்காஹ்வுக்கு லீவில் வந்த உங்கள் கூட்டாளி யூசுப் பாய் நேற்று வீட்டுக்கு வந்தார். நாளைக்கு ஷார்ஜா திரும்புகிறார், உங்களுக்கு ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டுமா என்று கேட்கத்தான் வந்தார். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, "அல்லா காப்பாத்தினான் தங்கச்சி, இல்லன்னா அன்னிக்கு அஞ்சு பேரும் போயிருப்பாங்க" என்றார். அவருக்குக் கொண்டுவந்த டீயைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

குளியலறையில் வழுக்கி விழுந்து முட்டி பெயர்ந்தது என்று போனில் சொன்னீர்களே. சரக்கு விமானம் கிளம்ப ஓடும்போது ஒரு இன்ஜின் வெடித்துப் புகைந்ததும், பிரேக் போட்டும் நிற்காமல் ஓடுபாதையைத் தாண்டி மண்ணில் புதைந்ததும், பின்னால் ஐஸ் போட்ட மீன் பெட்டிகளுக்கு நடுவில் நீங்கள் உட்கார்ந்திருந்ததும் அந்தக் குளியலறையில்தான் நடந்ததா? ஏற்றுகிற ஆளே கூடப் பறந்துபோய் இறக்கவும் வேண்டும் என்பதை இத்தனை மாதமாக என்னிடம் சொல்லவில்லை. கோபம் வருகிறது. அதைவிடப் பயம்தான் அதிகமாக இருக்கிறது.

நான் அழுததைப் பார்த்துவிட்டு பாய் மீதியையும் சொன்னார். "ஐஸ் எப்படியும் உருகி ஓடிடும்னு ஈரத்தைக் கழிச்சிட்டு எழுதிட்டேன் பாய்" என்று அவரிடம் மட்டும் சொல்லி அழுதீர்களாமே. எனக்கு உடனே புரிந்தது. நம் உப்பளத்தில் எட்டு வருஷம் எடை போட்டவர் நீங்கள். ஈர உப்பு மூட்டைக்குத் தண்ணீரைக் கழித்துத்தான் இங்கே எடை எழுதுவோம். லாரி திண்டிவனம் தாண்டுவதற்குள் அது வடிந்துவிடும். லாரிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. விமானம் கிளம்புகிற நேரத்தில் ஐஸ் ஐஸாகத்தானே இருக்கும், மாமா?

இன்ஜின் கெட்டது பழசானதால், அதில் உங்கள் தப்பு இல்லை என்கிறார் பாய். ஆனால் நீங்கள் எடைச் சீட்டில் எழுதிய எடைதான் உள்ளே இருந்தது என்றால் ஓடுபாதைக்குள்ளேயே நின்றிருக்க வேண்டும், ஏன் நிற்கவில்லை என்று பைலட் மண்டையை உடைத்துக்கொள்கிறாராம். பதில் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். சனிக்கிழமை அதே விமானம் வேறு இன்ஜினோடு மறுபடி மீன் ஏற்றிக்கொண்டு போகிறதாம். இப்போது திடீரென்று மாற்றி எழுதினால் பழைய தப்பு வெளியே வந்துவிடும் என்று, அதே மாதிரி ஈரத்தைக் கழித்தே எழுதப்போகிறீர்களாம். எழுதிவிட்டு அதிலேயே ஏறியும் உட்காரப்போகிறீர்களாம்.

கடல் உள்ளே வந்த அன்று என்னையும் பிள்ளையையும் உப்புப் பாத்தி வரப்பில் இழுத்துக்கொண்டு ஓடினீர்கள். "திரும்பிப் பாக்காத, ஓடுடி" என்று கத்தினீர்கள். அன்றைக்குக்கூட நான் இப்படி நடுங்கவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். இன்று உப்பு சுமக்கும்போது மேலே விமானச் சத்தம் கேட்டதும் தலையிலிருந்த கூடையை இறக்கிவிட்டு, சத்தம் அடங்கும்வரை நின்றேன். மங்கம்மா திட்டினாள். திட்டட்டும்.

தமிழ்நிலா பால்வாடிக்கு அழாமல் போகிறாள். எங்கப்பா பிளேன்ல வேலை செய்யுது என்று அங்கே எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள்.

மாமா, உங்களுக்குப் புத்தி சொல்கிற அளவுக்கு நான் பெரியவள் இல்லை. ஆனாலும் கேளுங்கள். எழுதிக்கொடுத்த எடை தப்பு என்று பைலட்டிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். வேலையை விட்டு அனுப்பினால் வந்துவிடுங்கள், உப்பளம் இங்கேதான் இருக்கிறது. ஜெயிலில் போட்டாலும், எந்த ஜெயில் என்று நாலு பேரைக் கேட்டாவது தெரிந்துகொள்வேன். ஆகாயத்தில் யாரைப் போய்க் கேட்பேன்?

பெட்டியில் அரை கிலோவுக்குத்தான் இடம் இருக்கிறது என்று பாய் சொன்னார். நெத்திலிக் கருவாடு கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை வெள்ளிக்கிழமையே உங்கள் கையில் கொடுப்பதாகப் பிள்ளை தலையில் கை வைத்துச் சொல்லியிருக்கிறார்.

திரௌபதி அம்மன் உங்களையும் அந்த நாலு பேரையும் காப்பாற்றட்டும். சனிக்கிழமை ஐஸோடு எடை போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்கு நானும் பிள்ளையும் போன் கடையில் நிற்போம். திட்டமாட்டேன். ஒன்றும் கேட்கமாட்டேன். கூப்பிடுங்கள், அது போதும்.

ஞாயிறுவரை சோறு இறங்காமல் காத்திருக்கும்,
உங்கள் தனகோடி