சம்பந்தி வீட்டுப் பாகற்காய்

சுனாபட்டி, பம்பாய்
18-8-1964

சௌபாக்கியவதி ஆறுமுகத்தாய்க்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம், எனக்கு வயிறு மட்டும் இரண்டு நாளாகக் கனம். அங்கே நீயும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமாயிருக்க வேண்டும். மூன்று வருஷமாக உன் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டவன் நான். அதை மதித்து நடந்தவனும் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. நீ மாதம் தவறாமல் எதிர்வீட்டு சிராஜ் விலாசத்துக்குக் கடிதம் போடுவதையும், பிரசவத்துக்கு வரலாமா, அப்பா சேர்ப்பாரா என்று கேட்டிருப்பதையும் அம்மா போன வாரம்தான் ஒப்புக்கொண்டாள். காரணம், உன் மாமனார் ஹேமாங்க பாபு உன் மாமியாரோடு கல்கத்தாவிலிருந்து செம்பூரில் தம்பி வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை நம்மைச் சாப்பிடக் கூப்பிட்டு ஆள் அனுப்பியிருந்தார். நான் முடியாது என்றேன். சிராஜ், "நீங்க வரலைன்னா கெடங்க அண்ணாச்சி, நானும் மதினியும் போறோம், வங்காளத்து மீனை எனக்கு வேற யாரு போடப் போறா" என்றான். தின்னத் துணிந்த அந்த இருவரையும் கண்காணிக்க வேண்டுமே என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நானும் கிளம்பினேன்.

வாசலிலேயே உன் மாமனார் கைகளை விரித்து, "ஆயியே, பேயாய் மொஷாய்!" என்றார். ஆபீஸில் என்னைத் தாண்டிப் பிரமோஷன் வாங்கிய மூன்று பேரையும் தேதியோடு நினைவில் வைத்திருப்பவன் நான், முகத்துக்கு நேரே பேய் என்றால் விடுவேனா? உட்கார்ந்ததும் சோற்றோடு பாகற்காய் போட்ட ஒரு கூட்டு வந்தது. வேறொன்றும் வரவில்லை. பேய்க்கு இது போதும் என்று நினைத்துவிட்டார்கள், சரி, மானத்தை விடக் கூடாது என்று மூன்று தரம் சோறு வாங்கி அதையே தின்று தீர்த்தேன். உன் மாமியார் பூரித்துப்போய் இன்னும் போட்டார்கள். அதற்குப் பிறகு வருகிறது மீன் தலை போட்ட பருப்பு, கத்தரிக்காய் வறுவல், கடுகு அரைத்த இலிஷ் மீன், இனிப்புத் தக்காளிச் சட்னி, பாயசம்! கசப்பில் தொடங்கி ஒவ்வொன்றாகத்தான் பரிமாறுவார்களாம். எல்லாவற்றையும் இலையில் ஒன்றாகப் பார்த்துப் பழகிய எனக்கு அது எப்படித் தெரியும்? அம்மா மீன் தலையை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். சிராஜ் முள்ளோடு மல்லுக்கட்டி நாலாவது துண்டுக்குக் கை நீட்டியபடியே, "என்ன அண்ணாச்சி, பாவக்காய்க்கே வயித்த எழுதிக் குடுத்துட்டியளா" என்றான். பொறுக்க முடியாமல் உன் மாமனாரிடம், நான் என்ன பூதமா என்று இந்தியில் கேட்டுவிட்டேன். அவர் திகைத்து, பேயாய் என்றால் பெண்ணைப் பெற்றவரும் பிள்ளையைப் பெற்றவரும் ஒருவரையொருவர் மரியாதையாக அழைப்பது என்றார். அதாவது சம்பந்தி; மொஷாய் என்றால் ஐயாவாம். "நமக்குச் சம்பந்தியே கிடையாதுன்னு சொன்ன வாயில இப்பம் பாயசத்தப் போடுங்க" என்றாள் அம்மா. போட்டுக்கொண்டேன்.

கை கழுவும்போது அவர் மெல்லச் சொன்னார்: உங்கள் பெண்ணுக்கு எங்கள் வீட்டில் குறை ஒன்றுமில்லை, ஆனால் தபால்காரன் வரும் நேரத்துக்குத் தினமும் வாசலில் போய் நிற்கிறாள். நான் இரண்டாம் தரமும் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ஏழாம் மாதம் முடிவதற்குள் புறப்பட்டு வா. கீழ் பெர்த் கேட்டு வாங்கு, கனமாக எதையும் தூக்காதே, தாதரில் நான் நிற்பேன். மன்னித்துவிட்டேன் என்று எண்ணிவிடாதே. சொல்லாமல் போய் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டதை நான் உயிரோடு இருக்கும்வரை சொல்லிக் காட்டுவேன். அதைக் கேட்க நீ பக்கத்தில் இருக்க வேண்டும். தாயும் பிள்ளையும் நோய்நொடியில்லாமல் பிழைத்துக்கிடக்க என் ஆசீர்வாதம். கொண்டுவிட மாப்பிள்ளையையும் வரச் சொல்.

உன் அப்பா,
பிரம்மநாயகம்