சிட்டுவின் வலது கால்

மே 3

கோடாரிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நான் கேட்கப் போவதில்லை. நீ நலமாக இருந்தால் எனக்கென்ன, இல்லாவிட்டால் எனக்கென்ன.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். குடிநீர் வாரியக் கால்பந்து அணியில் வலது ஓரத்தில் ஆடும் சிட்டுவின் அப்பா. இரண்டு வருடத்துக்கு முன்பு லீக் ஆட்டத்தில் நீ உடைத்தாயே, அந்தக் காலுக்கு அப்பா என்றும் வைத்துக்கொள்ளலாம். மொத்த வியாபார மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன். எழுபது தாண்டிய பிறகு மூட்டையை இறக்கிவிட்டுப் பேனாவைத் தூக்கியிருக்கிறேன். எங்கள் சங்க அறையில் சாயங்காலம் வகுப்பு நடக்கிறது. என் ஆயுளில் நான் எழுதும் முதல் கடிதம் இது.

"மொத கடுதாசியே சண்டைக் கடுதாசியா? எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்ல?" என்றாள் வீட்டுக்காரி.

"நீ பக்கத்துலதானே இருக்கே, உனக்கெதுக்குத் தபால்?" என்றேன். அதற்கு அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு கிளப்பில் ஆடுகிற பெரிய ஆட்கள் ஒருவரும் இல்லாமல், உள்ளூர் லீக்கில் ஆடுகிறவர்களை மட்டும் வைத்து நாட்டு அணி சேர்க்கிறார்கள் என்று கேட்டபோது நான் மார்க்கெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தேன். லாரி ஓட்டுகிறவன், வெல்டர், தபால்காரர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லாம் நாட்டுக்கு ஆடப் போகிறார்கள்! என் மகன் பெயரும் முகாம் பட்டியலில் வந்தது. அடுத்த வரியிலேயே உன் பெயர். ரயில் பட்டறை அணிக்காரன் நீ. வாரா வாரம் ஒருத்தனை ஒருத்தன் முறைத்தவர்கள் இப்போது ஒரே நிறச் சட்டை. அது எப்படிச் சரிப்படும் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு வருடமாக அவன் உன் பெயரைக்கூட வாயால் சொன்னதில்லை.

கோச் எல்லோருடைய போனையும் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டாராம். அதனால் இந்தக் கடிதம். அவனுக்கு எழுதவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன். பயிற்சி என்ற பெயரில் என் மகன் காலில் உன் கால் பட்டது என்று காதில் விழுந்தால், மூட்டைக் கொக்கியை எடுத்துக்கொண்டு முகாம் வாசலில் வந்து நிற்பேன். கொக்கி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. துருப்பிடிக்கவில்லை.

இவ்வளவு நீளமாகத் திட்ட முடியும் என்று தெரிந்திருந்தால் முன்பே எழுதக் கற்றிருப்பேன்.

இப்படிக்கு,
சிட்டுவின் அப்பா


மே 7

பெரியவருக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் கொடுத்தார்கள். முகாமுக்கு வந்த முதல் கடிதம் என்பதால், "யாரு? பொண்ணா?" என்று ஒரே கூச்சல். "தெரிஞ்சவர் ஒருத்தர்" என்று சொல்லிவிட்டு மடித்து வைத்துக்கொண்டேன். உங்கள் மகன் மூன்று மேசை தள்ளி உட்கார்ந்திருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

நீங்கள் சொல்வதற்கு முன்பே அப்படித்தான் நடக்கிறேன். அவன் பந்தோடு வந்தால் நான் ஒதுங்கிவிடுகிறேன். நான் மட்டும் இல்லை, லீக்கில் ஆடிய எல்லோருக்கும் அந்தக் காலின் கதை தெரியும் என்பதால் எல்லோரும் வழி விடுகிறார்கள். கோச் வெளியிலிருந்து வந்தவர். அவருக்குக் கதை தெரியாது. "என்ன வேகம்!" என்று மகிழ்ந்து போகிறார்.

ஐயா, இதைச் சொன்னால் கோபப்படுவீர்கள். ஆறு சீசனாக அவனை மறிப்பதுதான் எங்கள் அணியில் என் வேலை. அவன் முகத்தைவிட அவன் காலை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எப்போது இடது தோளைச் சாய்ப்பான், எப்போது வெட்டித் திரும்புவான் எல்லாம் தெரியும். இப்போது அவன் வலது காலை முழுசாக ஊன்றுவதில்லை. யாராவது நெருங்கி வந்தால், தொடுவதற்கு முன்பே பந்தை விட்டுவிட்டுக் குதித்துவிடுகிறான். கால் ஆறிவிட்டது. அது ஆறிவிட்டது என்று அவனுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

இருபத்தொன்றாம் தேதி இறுதிப் பட்டியல். அதற்குள் கோச் கண்டுபிடித்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கண்டுபிடிக்காவிட்டால் இன்னும் மோசம். போட்டியில் எதிரணிக்காரன் வழி விட மாட்டான். பாதி குதித்த நிலையில் அடிபட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

அவனுக்கு, மோதிப் பந்தைப் பறிக்கிற ஒரு நல்ல டேக்கிள் வேண்டும். பலமாக, பந்தை மட்டும் குறி வைத்து. விழுந்து, எழுந்து, கால் சரியாக இருக்கிறது என்று அவனே பார்க்க வேண்டும். அதை நான் செய்கிறேன். சொல்லிவிட்டுச் செய்தால் பயன் இல்லை, முன்கூட்டியே குதித்துவிடுவான். அதனால் உங்களைக் கேட்கிறேன். அன்று உடைத்தபோது யாரையும் கேட்கவில்லை.

பணிவுடன்,
கோடாரி (வெல்டிங் பிரிவு, ரயில் பட்டறை)


மே 10

கோடாரிக்கு,

நன்றாக இருக்கிறது உன் நியாயம்! ஒருமுறை உடைத்தாய். சரியாக ஒட்டியிருக்கிறதா என்று மறுபடி உடைத்துப் பார்க்கப் போகிறாயா? உங்கள் பட்டறையில் வெல்டிங்கை அப்படித்தான் சோதிப்பீர்களா?

உன் கடிதத்தை நானே உட்கார்ந்து வாசித்தேன். யார் உதவியும் இல்லை. வாசிக்க வாசிக்க எனக்கு வந்த கோபத்தில் பாதி உன்மேல். மீதி, உன் கையெழுத்தின்மேல். கோழி கிளறியதுபோல் எழுதினால் புதிதாகப் படித்தவன் என்ன செய்வான்? அடுத்த முறை எழுத்தை இடைவெளி விட்டு எழுது.

அடுத்த முறை என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும். பேனாவால் எழுதியதை அடித்தால் அசிங்கமாக இருக்கும்.

என் மகன் ஆறு மாதம் கட்டிலில் கிடந்தான். இருபத்தெட்டு வயசு ஆளை நான் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோனேன். மூட்டை தூக்கிய தோள் என்பதால் தூக்கினேன். ஆனால் எந்த மூட்டையும் என்னைப் பார்த்து "விடுப்பா, வெக்கமா இருக்கு" என்று சொன்னதில்லை. அதை நான் மறக்க வேண்டும் என்கிறாய்.

அவன் பயப்படுகிறான் என்று சொல்ல நீ யார்? அவன் தினமும் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். போன சீசனில் நான்கு கோல் போட்டான். எல்லாம் என் கண்ணால் பார்த்தேன்.

முடியாது. உனக்கு அனுமதி இல்லை.

சிட்டுவின் அப்பா


மே 13

ஐயா,

இடைவெளி விட்டு எழுதுகிறேன். வாசிக்க முடிகிறதா?

அந்த நான்கு கோலையும் நானும் பார்த்தேன். மூன்று, ஆளில்லாத இடத்திலிருந்து போட்டது. நான்காவது எங்களுக்கு எதிராகப் போட்டது. அன்று நான் அவனை மறிக்காமல் நின்றேன். எங்கள் ஆட்கள் என்னைக் கிழித்துவிட்டார்கள். அது அவனுக்குச் செய்த நன்மை என்று அப்போது நினைத்தேன்.

வேறு யாராவது செய்யட்டும் என்று நம் வாத்தியாரிடம் கேட்டேன். அவர்தான் இடது பின்வரிசை. "அடப் போப்பா, அந்தப் பாவம் எனக்கெதுக்கு?" என்றார். தபால்காரரும் முடியாது என்றுவிட்டார். யோசித்துப் பார்த்தால் அவர்கள் செய்தும் பயனில்லை. வாத்தியார் மோதினால் வாத்தியார்மேல் உள்ள பயம்தான் போகும். அவன் பயப்படுவது என் பூட்ஸைப் பார்த்து.

நேற்று பயிற்சியில் பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது. நான் நகரவே இல்லை. ஆனாலும் குதித்தான். கோச் அதைப் பார்த்துவிட்டார். "வலது ஓரத்துக்கு வேற ஆள் பாக்கணும்" என்று உதவியாளரிடம் சொன்னதை நம் கோல்கீப்பர் கேட்டிருக்கிறார்.

ஒன்றும் ஆகாது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. கால்பந்தில் அப்படி ஒரு சத்தியம் கிடையாது. நீங்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். இனி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

கோடாரி


மே 16

தம்பி,

வாசிக்க முடிந்தது. ஒரே மூச்சில் வாசித்தேன். பிறகு வீட்டுக்காரிக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். உன்னைப் பற்றி அவளும் நாலு வார்த்தை சொல்வாள், அதையும் சேர்த்து எழுதலாம் என்ற எண்ணம்தான். அவள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"மறுபடி வாசிங்க, குதிக்கிறான்னு எழுதியிருக்கே, அந்த எடத்த."

வாசித்தேன்.

"இந்தப் பையன் கண்ணு நல்ல கண்ணு" என்றாள். "நம்ம புள்ள மாடிப்படி எறங்குறத நீங்க பாத்திருக்கீங்களா? வலது கால வெக்கறதுக்கு முன்னாடி கைப்பிடியப் புடிப்பான். லாரியிலேருந்து எப்பவும் திரும்பித்தான் எறங்குவான், ஏணியில எறங்குற மாதிரி. ரெண்டு வருஷமாப் பாக்கறேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க அவன ஆடவே விட்டிருக்க மாட்டீங்க. அவனுக்கு அது ஒண்ணுதானே இருக்கு."

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போய் முன்வரிசையில் நின்று கத்தியவன் நான். பந்தைப் பார்த்தேன், கோலைப் பார்த்தேன், உன்னைப் பார்த்து முறைத்தேன். அவன் காலை மட்டும் பார்க்கவில்லை.

"அந்தப் பையன் மோதட்டும்னு எழுதுங்க" என்றாள்.

"உடைஞ்சா?"

"உடைஞ்சா நான் பாத்துக்கறேன். போன தடவையும் நான்தானே பாத்தேன்? நீங்க ஆஸ்பத்திரி வாசல்ல டீக்கடைக்காரரோட சண்டை போட்டுட்டு நின்னீங்க."

அந்த டீ உண்மையிலேயே மோசம், தம்பி. ஆனால் அதை இப்போது பேசிப் பயனில்லை.

அவனுக்கு நீங்களே எழுதுங்களேன், பயத்தை விடச் சொல்லுங்களேன் என்று நீ நினைக்கலாம். நான் வலது பக்கம் போ என்றால் அவன் இடது பக்கம் போவான். சின்ன வயசிலிருந்தே அப்படி. அப்படித்தான் ஓர ஆட்டக்காரன் ஆனான். நான் சொல்லி ஆவது ஒன்றுமில்லை.

ராத்திரி முழுக்க யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். அவசரத்தில் எழுதவில்லை, கோபத்தில் எழுதவில்லை. மோது. என் சம்மதம் இருக்கிறது, அவன் அம்மாவின் சம்மதமும் இருக்கிறது. ஒன்று மட்டும் கேள். அரை மனதோடு போகாதே. லாரிக்கு ஏறும் பலகைமேல் மூட்டையோடு நடக்கிறவன் தயங்கினால்தான் விழுவான். போவதென்றால் முழுசாகப் போ, பந்துக்குப் போ. நடுவில் என் முகம் ஞாபகம் வந்தால் என்னையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போ.

தபால் பெட்டி முன்னால் இதைப் போடாமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருப்பேன். அதற்காக நீ நிற்காதே.

சிட்டுவின் அப்பா


மே 20

ஐயா, அம்மா, இருவருக்கும் வணக்கம்.

கால் நன்றாக இருக்கிறது. அதை முதலில் எழுதிவிட்டேன்.

கடிதம் நேற்று மதியம் வந்தது. சாயங்காலமே பயிற்சி ஆட்டம். கோச் எங்களை எதிரெதிர் பக்கம் போட்டார். பாதி ஆட்டம் வரை எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு அவன் பந்தோடு ஓரத்தில் வந்தான், இடது தோளைச் சாய்த்தான். எந்தப் பக்கம் வெட்டுவான் என்று எனக்குத் தெரியும். போனேன். முழுசாகப் போனேன். பந்து என் காலில் பட்டு வெளியே போனது. அவன் என்மேல் உருண்டு விழுந்தான்.

வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். மருத்துவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவன் மல்லாந்து கிடந்து தன் வலது காலையே பார்த்தான். மடக்கினான். நீட்டினான். அப்புறம் எழுந்து, இரண்டு காலையும் ஊன்றி என் முன்னால் நின்று, என்னைத் திட்டினான். அப்படி ஒரு திட்டை நான் எங்கள் பட்டறையிலும் கேட்டதில்லை. இரண்டு வருடத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

கோச் விசில் ஊதவில்லை. "தப்பு இல்ல, ஆடுங்க" என்றார்.

அடுத்த பந்தை வாங்கிக்கொண்டு அவன் நேராக என்னைத் தேடி வந்தான். பக்கத்தில் இரண்டு பேர் சும்மா நின்றார்கள், அவர்களிடம் போகவில்லை. நான் மறுபடி போனேன். அவன் குதிக்கவில்லை, ஐயா. வலது காலை ஊன்றி வெட்டினான். நான் புல்லில் கிடந்தேன். அவன் என்னைத் தாண்டிப் போய்விட்டான்.

பட்டியல் நாளைக்கு. என் பெயர் இருக்குமோ தெரியாது, அவன் பெயர் இருக்கும்.

கோடாரி


மே 24

தம்பி கோடாரிக்கு,

நீ நலமா? இடுப்பில் அடி ஏதும் உண்டா?

பட்டியலை மார்க்கெட்டில் சுவரில் ஒட்டினார்கள். நானே வாசித்தேன். உன் பெயரை முதலில் கண்டுபிடித்தேன், பிறகு அவன் பெயரை. இரண்டையும் உரக்கச் சொன்னேன். எங்கள் ஆட்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "பெரியவரே, வெயில்ல நின்னுட்டீங்களா?" என்று ஒருவன் கேட்டான்.

உன் கடிதத்தை வாசித்தபோது வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அழுதும் இருப்பாள், நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். என்ன திட்டினான் என்று நீ எழுதவில்லை. மரியாதைக்காக விட்டிருப்பாய். எங்கள் மார்க்கெட்டில் பிறந்த திட்டாகத்தான் இருக்கும், என் வாயிலிருந்து போனதாகவும் இருக்கலாம்.

முதல் ஆட்டத்துக்கு இருவரும் வருகிறோம். ஆறு வருடமாக உன் பெயரோடு கெட்ட வார்த்தை சேர்த்தே கத்திப் பழகிய தொண்டை இது. தனியாக உன் பெயரைச் சொல்லிக் கத்த இரண்டு நாளாக மாடியில் பழகுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

அவன் உன்னை மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. பந்து உனக்குக் கொடுப்பானா என்றும் தெரியாது. கேட்கவும் மாட்டேன், அவனிடம் சொல்லவும் மாட்டேன். அது அவன் கால், அவன் பாடு. ஆனால் அவன் எப்போது தோளைச் சாய்ப்பான், எந்தப் பக்கம் வெட்டுவான் என்று அந்த அணியில் வேறு எவனுக்கும் தெரியாது. பந்து எங்கே வந்து விழும் என்று உனக்குத்தான் தெரியும்.

அதனால் நீ பக்கத்திலேயே ஓடு, தம்பி. கொடுக்கும்வரை ஓடு.

அன்புடன்,
சிட்டுவின் அப்பா