மஞ்சள் பட்டும் சப்பாத்து மெழுகும்

என் அருமைச் சவரிக்கு,

உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்துவிட்டது. றோசா ஆட்டிறைச்சிக் கறி வைத்திருந்தாள். நான் ஒரு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. "அண்ணை, உப்புக் கூடிப்போச்சோ?" என்று உன் மனைவி கேட்டாள். ஓம் என்று பொய் சொன்னேன். கறியில் ஒரு பிழையும் இல்லை.

பொலிதேயாமாச் சதுக்கத்துப் பக்கம் நீ துடைக்கிற வேலை செய்த வீட்டு அம்மா, அந்தச் சின்யோரா, இறந்துபோன தன் கணவரின் பழைய தாளில் செய்முறை எழுதியிருந்த தூண்டில் இலையான்களை எல்லாம் உன்னிடம் கட்டித் தரச் சொன்னார் அல்லவா? கொக்கியில் பட்டும் இறகும் சுற்றி, பூச்சியென்று மீன் ஏமாறுவதற்காகத் தண்ணீருக்குள் அமிழ விடுகிற சாமான். கணவரின் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட அவருக்கு ஆசை. அந்தத் தாளைத் தமிழில் வாசித்துச் சொன்னவன் நான். வகுப்புக்குப் போகாமல், படிக்கட்டுத் துடைக்கிற இடங்களில் கிடந்த பேப்பர்களை வாசித்தே பழகிய இத்தாலியன் பாஷை. அதில் எனக்கிருந்த பெருமை உனக்குத் தெரியும்.

"மஞ்சள் பட்டு, மெழுகிட்டது." நூலைப் பற்றித் தாளில் இவ்வளவுதான். எந்த மெழுகென்று இல்லை. எல்லாருக்கும் தெரிந்தது என்று நினைத்ததை அந்தக் காலத்து ஆட்கள் எழுதுவதில்லை. நான் கோயில் மெழுகுதிரி என்றேன். நீ துறைமுகத்துக்குப் பக்கத்தில் சப்பாத்துத் தைக்கிறவனிடம் கறுத்த மெழுகு வாங்கி வந்தாய். தேய்த்ததும் பட்டு பாசி நிறமாகிவிட்டது.

"இதுவோ மஞ்சள்? முதல்லை உன்ரை கண்ணாடியை மாத்து."

"மெழுகுதிரி வழுக்குது மச்சான், நூல் நிக்குதில்லை. மீன் என்ன பூசைக்கோ வருது?"

"எழுதினபடி செய்யடா."

"எழுதினவன் செத்துப்போனான். கட்டுறது நான்."

அதற்குப் பிறகு நான் உன்னோடு கதைக்கவில்லை. என் கோபம் ஆறுவதற்குள் நீ போய்விட்டாய்.

அடக்கம் முடிந்து, நீ கட்டி வைத்த இலையான்கள் இருந்த பெட்டியை றோசா என்னிடம் தந்தாள். "அவர் கடைசியாச் செய்தது, அண்ணை. சின்யோராட்டைக் குடுத்துவிடுங்கோ." அப்படியே கொடுத்திருக்கலாம். ஆனால் துடைத்த மேசையையே இன்னொரு தரம் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஆட்கள் நாங்கள். அழுக்குப் பிடித்த நூலைப் பார்த்து உன்னை யாரும் குறைவாக நினைக்கக் கூடாதே என்று, என் வீட்டுக் குசினி மேசையடியில் இருந்துகொண்டு ஒவ்வொன்றாக உன் நூலை அறுத்தேன். மெழுகுதிரி தேய்த்த மஞ்சள் நூலால் திரும்பக் கட்டினேன். பளிச்சென்று இருந்தன. உனக்குச் செய்கிற கடைசி உதவி என்று நினைத்தேன், சவரி.

சின்யோரா பெட்டியைத் திறந்து கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "இவை சவேரியோ கட்டியவை இல்லை," என்றார். உன் பெயர் அவர் வாயில் அப்படித்தானே வரும். கணவர் கட்டிய ஒன்றைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். அச்சொட்டாக உன் பாசி நிறம். "என் கணவரும் சப்பாத்துக்காரனின் மெழுகுதான் பாவிப்பார். ஆற்றுப் பூச்சி இந்த நிறம்தானே? சவேரியோ எனக்குக் காட்டியவை எங்கே?"

நான் தரையைப் பார்த்தேன். நீ துடைத்த தரை. அவ்வளவு இத்தாலியன் படித்தவன் பெட்டியை மூடிக் கையில் எடுத்துக்கொண்டேன். பிறகு வருகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு இறங்கினேன்.

பூசைக்கு வந்தவர்களிடம் எல்லாம் றோசா, "அவர் செய்தது சின்யோரா வீட்டுச் சுவரிலை தொங்கப்போகுது," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இறைச்சி எப்படி இறங்கும்?

அறுத்த நூல்களை எறியவில்லை. ஒரு தேத்தண்ணிக் கோப்பையில் கிடக்கின்றன. தொட்டால் விரலில் ஒட்டுகின்றன. உன் மெழுகு இன்னும் பிடிக்கிறது. என்னுடையவை அதற்குள் கழன்று தொங்கத் தொடங்கிவிட்டன. இதைக் கண்டிருந்தால் நீ சிரித்திருப்பாயா, ஏசியிருப்பாயா?

இறகு விஷயத்தில் நான் விடமாட்டேன். தாளில் "கொஞ்சம்" என்று எழுதியிருக்க, நீ முழுக் கோழியையும் சுற்றினாய். மெழுகு விஷயத்தில், ஓம் மச்சான். நீ சொன்னதுதான் சரி.

இங்கே நாங்கள் நடத்துகிற தமிழ்ப் பத்திரிகையில் இந்தக் கடிதம் அச்சாகுமுன் றோசாவிடம் என் வாயால் சொல்லிவிடுவேன். அவள் ஏசி முடிக்கும்வரை நிற்பேன். பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு, அந்தக் கோப்பையோடு சின்யோரா வீட்டுப் படி ஏறுவேன். மாட்டுவதென்றால் உன் நூல் துண்டுகளை மாட்டட்டும். நான் கட்டிய ஒன்றுகூட உன் பெயரில் அந்தச் சுவரில் தொங்காது.

உன் சொல்வழி கேளாத மச்சான்,
தில்லையம்பலம்