ஏப்ரலா, டிசம்பரா

15 ஒக்டோபர் 2023, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மகள் பிரேமினி கூப்பிட்டாள். ஜப்பானுக்குப் போய் ஒன்றரை வருஷமாகிறது. யமகத்தா என்ற ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை. போனை எடுத்தாலே அழுகிற பிள்ளை இன்றைக்கு அழவில்லை.

"அம்மா, நீங்களும் அப்பாவும் வந்து ரெண்டு கிழமை என்கூட இருக்கலாம். எல்லாம் பேசிட்டேன். எந்த மாசம்னு மட்டும் சொல்லுங்க."

எந்த மாசமா! நானுஓயாவிலிருந்து கொழும்புக்குப் போவதென்றாலே யோசிக்கிற ஆள் நான்.

டிசம்பர் என்றேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு கிறிஸ்மஸ் லீவு; அவளும் அன்றைக்குத் தனியாக இருக்க வேண்டாம். ரிச்சர்ட் உடனே ஏப்ரல் என்றார். அங்கே செரி மரமெல்லாம் பூக்கிற காலமாம். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து பார்க்கிறேன், ஹோட்டல் தோட்டத்தில் மற்றவர்கள் பார்ப்பதற்குப் பூ வளர்க்கிற மனுஷன். ஆசை இருக்காதா?

22 ஒக்டோபர்

முடிவாகவில்லை. அவருடைய போன் முழுக்க செரிப்பூ வீடியோ.

"டிசம்பர்ல போய் என்னத்தப் பார்க்கிறது ஷிராணி? மொட்டை மரமும் ஐஸும்தான்."

"நான் மரம் பார்க்கவா போறேன்? புள்ளயப் பார்க்கப் போறேன்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

29 ஒக்டோபர்

பிரேமினியே தீர்த்து வைத்துவிட்டாள். ஏப்ரல்தான். டிசம்பரில் முழங்கால் அளவுக்குப் பனி கொட்டுமாம். "அப்பாவுக்கு இழுப்பு வேற. அந்தக் குளிர்ல மூச்சு விட ஏலாது. நீங்க வழுக்கி விழுந்தா யாரும்மா பார்ப்பாங்க? நான் டியூட்டிக்குப் போயிருவேனே."

அப்பாவும் மகளும் எப்போதும் ஒரு பக்கம். ஏப்ரல் என்றால் நுவரெலியாவில் சீசன், ஹோட்டலில் அவருக்கு லீவே கிடைத்ததில்லை. இந்த முறை மனேஜர் சரி என்றுவிட்டாராம். சின்னப் பிள்ளை மாதிரி ஓடி வந்து சொன்னார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்ன பேசுவது?

சரி. ஏப்ரல்.

25 டிசம்பர்

வீடியோவில் பார்த்தோம். கூட வேலை செய்கிற வட்டவளை ஊர்ப் பிள்ளை தனுஜாவும் பக்கத்தில் இருந்தாள். பிரேமினி போனை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினாள். வெள்ளை. வேறொன்றும் தெரியவில்லை. "பார்த்தீங்களா, நல்லவேளை நீங்க வரல!" என்றாள். சிரித்து வைத்தேன்.

31 ஜனவரி 2024

பிரேமினி போயிட்டா.

17 பெப்ரவரி

திங்கட்கிழமை அடக்கம் செய்தோம். பெட்டி கட்டுநாயக்கா ஏர்போட்டுக்கு வந்து சேர இத்தனை நாள்.

நடந்ததைத் தனுஜாதான் சொன்னாள். பிரேமினி காலை டியூட்டிக்கு நடந்து போயிருக்கிறாள். ரோட்டில் ஐஸ் பிடித்திருந்தது. வளைவில் ஒரு லொறி வழுக்கி, ஓரமாக நடந்த பிள்ளை மேல் ஏறிவிட்டது. "உடனே முடிஞ்சிருச்சாம் ஆன்ட்டி. வலிச்சிருக்காது." யாருக்குத் தெரியும்?

எங்களுக்குப் பனி ஆகாதுன்னாளே. நாங்க வழுக்கி விழுந்துருவோம்னு பயந்தாளே. அவளுக்கு யாரு சொன்னா? பார்த்து நடம்மான்னு நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொன்னேனா?

டிசம்பர்ல போயிருந்தா பார்த்திருப்பேன். தொட்டிருப்பேன். தலை சீவி விட்டிருப்பேன்.

இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது.

3 மார்ச்

என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுகிறார். நான் மனதில் வைத்திருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

11 ஏப்ரல்

சொல்லிவிட்டேன்.

ஜப்பானுக்கென்று எடுத்த லீவு. அதை அவர் வேண்டாமென்று சொல்லவுமில்லை, எங்கும் போகவுமில்லை. வீட்டிலேயே இருந்தார். மத்தியானம் டிவி செய்தியில் ஜப்பானைக் காட்டினான். ஆற்றங்கரை நெடுக செரிப்பூ, கீழே சனம். அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன வந்ததென்றே தெரியவில்லை.

"இதத்தானே பார்க்கணும்னீங்க? பாருங்க. நல்லா பாருங்க! நான் டிசம்பர்னு சொன்னேன். சொன்னேனா இல்லையா?"

டிவியை நிறுத்தினார். "ஆமா, சொன்ன" என்றார். அவ்வளவுதான். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் இழுப்பு சத்தம் கேட்டது. இழுப்புக்கு அவர் வாயில் அடிக்கிற பம்ப் மேசையில் கிடந்தது. எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு உள்ளேயே நின்றேன். எவ்வளவு நேரம்? ஐயோ, எவ்வளவு நேரம் நின்றேன்?

பிறகு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

12 ஏப்ரல்

வேலைக்குப் போய்விட்டார். லீவு இன்னும் இருக்கிறது.

7 ஜூலை

பேசுகிறோம். சீனி முடிந்துவிட்டது, கரண்ட் பில் வந்திருக்கிறது, இந்த மாதிரி.

8 செப்டம்பர்

தனுஜா கூப்பிட்டாள். இல்லத்துத் தலைவியம்மா எங்கள் இரண்டு பேரையும் வரச் சொல்கிறாராம். பயணத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். "வருஷ நினைவு ஜனவரியில ஆன்ட்டி. ஆனா சரியான குளிரு. ஏப்ரல்ல வந்தாலும் பரவாயில்லன்னு சொல்றாங்க. எந்த மாசம் வசதி?"

மறுபடியும் அதே கேள்வி. போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"நீயே சொல்லு ஷிராணி" என்றார். எத்தனை மாதத்துக்குப் பிறகு என் பேரைச் சொல்கிறார்.

ஜனவரி என்றேன். அவள் நடந்த ரோட்டை, அவள் பார்த்த மாதிரியே பார்க்க வேண்டும்.

31 ஜனவரி 2025, யமகத்தா

காலையில் இல்லத்தில் ஜெபம். ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஏதோ சொன்னார். "பிரேமினி கையும் இப்படித்தான் சூடா இருக்குமாம்" என்றாள் தனுஜா.

பிறகு அந்த வளைவுக்கு நடந்து போனோம். இரண்டு பக்கமும் பனி ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. ரிச்சர்டுக்கு முடியவில்லை. கொஞ்ச தூரம் நடப்பார், நிற்பார், பம்ப் அடிப்பார், மறுபடி நடப்பார். திரும்பிப் போவோம் என்று தனுஜா சொன்னதற்கு மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார். நான் அவர் கையை என் கைக்குள் கோர்த்துக்கொண்டேன்.

இடம் இதுதான் என்று தனுஜா காட்டினாள். சாதாரண ரோடு. ஒரு கம்பம், ஒரு வேலி. அவர் பனியில் முழங்கால் போட்டார். மூச்சு விசில் மாதிரி வந்தது. வாயைத் திறந்து திறந்து காற்றுக்கு அலைகிற முகம்.

பக்கத்தில் நானும் முழங்கால் போட்டேன்.

"பிரேமினி சொன்னது சரிதாங்க. டிசம்பர்ல உங்களக் கூட்டிட்டு வந்திருக்கவே கூடாது. ஏப்ரல்னு நீங்க சொன்னதுதான் சரி."

என்னைப் பார்த்தார். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தார். அடக்கத்தில்கூட அழாத மனுஷன், என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். தனுஜா கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாள்.

இப்போது தூங்குகிறார். மூச்சு சீராக வருகிறது.

நான் சொன்னது பொய். வந்திருக்கலாம். அவர் இந்த அறைக்குள்ளேயே, ஹீட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் ஒரு கிறிஸ்மஸ் அவளோடு இருந்திருப்போம்.

இனி அதை ஒருநாளும் சொல்ல மாட்டேன்.