குபாத் அண்ணனுக்கு ஒரு மாதத் தடை

மார்ச் 4
காலையிலிருந்து மழையா பனியா என்று சொல்ல முடியாத ஒன்று விழுந்துகொண்டிருக்கிறது. அச்சகத்தில் ஆறாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்துக்குக் கடைசி மெய்ப்பு பார்க்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் சிலர் ஓய்வு நேரத்தில் செய்துவரும் கிர்கிஸ் பிழைதிருத்தி மென்பொருளுக்கு யார் என்ன அனுப்பியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். நாரினிலிருந்து குல்சாய்ரா என்று புதிதாக ஒருத்தி, கால்நடை மருந்துக் கடையில் வேலையாம். குதிரைக்கு வயதுக்கு ஒரு பெயர், நிறத்துக்கு ஒரு பெயர் என்று அவர்கள் பக்கத்தில் வழங்கும் சொற்களையெல்லாம் அனுப்பியிருக்கிறாள். கோப்பு தாறுமாறு. சொற்களோ தேன். இத்தனை நாள் இவற்றையெல்லாம் பிழை என்று நாங்கள் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தோம்!

எர்மெக் வழக்கம்போல்: "உன் வேலைக்கே உலை வைக்கிற மென்பொருள ஓசியில செஞ்சு குடுக்கறவ, பிஷ்கெக்ல நீ ஒருத்திதான்." கணவன் என்றால் இப்படி ஒன்றாவது சொல்ல வேண்டும் போல.

மார்ச் 5
பிழைதிருத்தியைத் தொடங்கிய குபாத் அண்ணன் அவளுக்குப் பதில் போட்டுவிட்டார். எல்லோரும் பார்க்கும் இடத்தில். "இத அடிச்சது நீயா, உன் ஆட்டு மந்தையா? கை கழுவாம அடுப்படிக்கு வராத." கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

அவள் எழுதியது: "மன்னிச்சிருங்க. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்." அனுப்பியதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 6
குதிரைகளுக்கு மறுபடி சிவப்புக் கோடு.

மார்ச் 9
குபாத் அண்ணனிடம் பேசினேன். வேர்ச்சொல்லையும் விகுதியையும் பிரித்தறியும் பகுதி முழுக்க அவர் மூளை. வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. அவர் கோபப்படவில்லை, சிரித்தார். நாமெல்லாம் கிண்டலில் வளர்ந்தவர்கள், ஐத்திஷ் பாட்டுப் போட்டி மேடையில் பாட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் கிழிக்கவில்லையா, தோல் தடிப்பாக இருந்தால்தான் மொழி வளரும் என்றார்.

எங்களோடு நிர்வாகத்தில் இருக்கும் மூன்றாவது ஆள் ஓஷ் நகரத்து தில்முராத். அவன் ஒன்று கேட்டான்: போன வருடம் புதிதாக வந்தவர்களில் ஒருவராவது இப்போது இருக்கிறாரா? தேடினேன். ஒருவருமில்லை.

மார்ச் 14
ஒரு வெளிநாட்டு மென்பொருள் குழுவின் நடத்தை விதிகளை எடுத்து அப்படியே மொழிபெயர்த்து தில்முராத்துக்கு அனுப்பினேன். "அக்கா, இதப் படிச்சா யாரையாவது திட்டணும்போல இருக்கு" என்றான். சரிதான். எனக்கே கொட்டாவி வந்தது.

மார்ச் 21
நோரூஸ், வசந்தப் புத்தாண்டு. சதுக்கத்தில் கூட்டமான கூட்டம். சுமோலோக் கோதுமைக் கூழ் இரண்டு கிண்ணம். ஐத்திஷில் ஒரு தொப்பைக்காரரும் ஒரு ஒல்லிப் பெண்ணும். தொப்பைக்காரர் அவள் குரலை உடைந்த கதவு என்று பாடினார். அவள் தன் மூன்று தந்திக் கோமுஸை மீட்டியபடி, இந்தக் கதவு வழியாக உங்கள் வயிறு நுழையாது என்றாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். நடுவில் அவளுக்கு ஒரு வரி சிக்கியது. அவர் உடனே வாசிப்பைத் தாழ்த்தி, அவள் எடுக்கும்வரை காத்திருந்தார்.

அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது.

மார்ச் 23
குபாத் அண்ணனை லக்மான் நூடுல்ஸ் கடைக்கு வரச் சொன்னேன். ஐத்திஷ் பற்றி அவர் சொன்னது சரி என்று ஆரம்பித்தேன். சந்தோஷமாகத் தலையாட்டினார். பிறகு சொன்னேன்:

"அங்க ரெண்டு பேர் கையிலயும் கோமுஸ் இருக்குண்ணே. குல்சாய்ரா கையில என்ன இருந்துச்சு?"

லக்மான் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "விதிகள எழுது. மொத கையெழுத்து நான் போடறேன்."

ஏப்ரல் 2
விதிகள் வெளியாகிவிட்டன. இந்தத் தடவை எங்கள் பேச்சில். வேலையைக் கிண்டல் செய்யலாம், ஆளைச் செய்யக் கூடாது. திருப்பிப் பேச முடியாதவரிடம் வாய் விளையாட்டு வேண்டாம். புதிதாக வந்தவரை முதலில் உட்கார வை, தேநீர் கொடு, அப்புறம் பிழையைச் சொல். எங்கள் மூவரில் ஒருவர் மேல் புகார் வந்தால் மற்ற இருவரும் தீர்ப்பது; மீறினால் தடை, அது எங்களுக்கும் உண்டு. குபாத் அண்ணன் சொன்னபடி முதலில் கையெழுத்திட்டார்.

குல்சாய்ராவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

ஏப்ரல் 17
ஐயோ இந்த மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காதா? பிழைக்கப் போன மாஸ்கோவில் டாக்சி ஓட்டும் ஜெனிஷ், ஓய்வு நேரத்தில் நிரல் எழுதத் தானாகப் படித்து ஒரு திருத்தம் அனுப்பியிருந்தான். அதற்கு அண்ணன்: "உனக்கு ஸ்டியரிங்தான் சரி, கீபோர்டு வேண்டாம்."

புகார் வந்துவிட்டது. செப்டம்பரில் பள்ளிக்கூடங்களுக்குப் பிழைதிருத்தியின் புதிய பதிப்பு தருவதாகச் சொல்லியிருக்கிறோம். அவர் இல்லாமல் எப்படி? தடை போட்டா வேலை நிக்கும். போடலன்னா நாம எழுதினதுக்கு என்ன மரியாதை? மாஸ்கோவுல அவன ஏற்கனவே எத்தன பேரு இப்படிப் பேசியிருப்பாங்க, சொந்த மொழிக்காரனும் பேசணுமா?

ஏப்ரல் 18
தில்முராத்தும் நானும் ஒரே முடிவு. ஒரு மாதத் தடை. நானே போனில் சொன்னேன்.

"என்னையவா?"

"ஆமாண்ணே."

"நான் கட்டின வீட்டுலேர்ந்தா?"

"ஒரு மாசந்தாண்ணே. வீடு எங்கயும் போயிடாது."

வைத்துவிட்டார். என்னைவிடப் பெரியவர், எனக்கு நிரல் எழுதக் கற்றுத்தந்ததே அவர்தான். எர்மெக் கிண்டல் செய்யாமல் தேநீர் கொண்டுவந்து வைத்தான். அதில்தான் அழுகை வந்தது.

ஏப்ரல் 26
விகுதிப் பகுதி பழுதாகிவிட்டது. வேறு வழியில்லாமல் அண்ணன் எழுதியதைத் திறந்தோம், நான், தில்முராத், ஜெனிஷ் மூவரும். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அதைச் சொல்லிக்கொள்ள யாருக்கும் வெட்கமுமில்லை! "இது எதுக்கு?", "அது ஏன் ரெண்டு தடவ வருது?" என்று மாறி மாறிக் கேட்டோம். இப்படி அசட்டுக் கேள்வி கேட்டு எத்தனை வருடமாயிற்று. ஜெனிஷ் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் காரிலிருந்தபடியே பேசுவான். பேச்சுக்கு நடுவில் "ஆள் வந்தாச்சு" என்று மறைந்துவிடுவான்.

ஏப்ரல் 29
ஓடுகிறது! ஜெனிஷ் கண்டுபிடித்தான்.

மே 6
பேருந்தில் வரும்போது குபாத் அண்ணனின் மனைவி சல்தனாத் கூப்பிட்டாள். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.

"ஜிபார், அந்தத் தடைய இன்னும் ஒரு மாசம் நீட்ட முடியுமா? வேலிக்கு பெயிண்ட் அடிச்சாச்சு, தக்காளிக்குக் குச்சி நட்டாச்சு. கூரை மட்டுந்தான் பாக்கி."

நான் சிரித்த சிரிப்பில் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். அண்ணன், தான் பழைய நாட்களில் எழுதியதையெல்லாம் எடுத்து வைத்துப் படிக்கிறாராம். "நான் இவ்வளவு மோசமாவா பேசினேன்?" என்று கேட்டாராம். வீட்டில் இதற்கு மேல் என்று இவள் சொன்னாளாம். அதற்கு அப்புறம் இரண்டு நாளாகப் பாத்திரம் கழுவுவதும் அவர்தானாம்.

மே 19
வந்துவிட்டார். முதல் வேலையாக ஜெனிஷுக்கும் குல்சாய்ராவுக்கும் எல்லோரும் பார்க்க மன்னிப்பு. நாலே வரி, ஒரு "ஆனால்" கிடையாது. அடுத்து எங்கள் திருத்தத்தைப் படித்துவிட்டு, "என் வீட்டுக்குள்ள புகுந்து சன்னல் வெச்சிருக்கீங்க. இப்பத்தான் உள்ள வெளிச்சம் வருது" என்று எழுதினார். ஜெனிஷ் அதைப் படம் பிடித்துத் தன் அம்மாவுக்கு அனுப்பினானாம்.

மே 22
குல்சாய்ரா! குதிரைச் சொற்கள் அத்தனையும், கூடவே கழுதையும் ஒட்டகமும். மேலே குபாத் அண்ணனுக்கு ஒரு பாட்டு:

கையைக் கழுவி வந்தேன் அண்ணே,
கழுதை ஒட்டகம் சேர்த்து வந்தேன்;
மந்தை உங்களக் கேட்டதண்ணே,
மாசம் போனதும் மெலிஞ்சீங்களான்னு.

பதில் பாட்டுக்கு அண்ணன் அரை நாள் எடுத்துக்கொண்டார். சுமார்தான். எல்லோரும் அதையே சொன்னோம்; அவரும் ஒப்புக்கொண்டார்.

செப்டம்பர் 1
பூங்கொத்தும் வெள்ளை ரிப்பனுமாகப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். புதிய பதிப்பும் போய்விட்டது. அச்சகத்தில் எல்லோருக்கும் என் செலவில் சம்சா.

செப்டம்பர் 16
புகார்களைப் பார்ப்பது இப்போது குல்சாய்ராவும் ஜெனிஷும். மத்தியானம் குல்சாய்ரா கூப்பிட்டாள்.

"ஜிபார் அக்கா, உங்க மேல ஒண்ணு வந்திருக்கு."

தலாஸிலிருந்து புதிதாக வந்த ஒருவருக்கு நேற்று, "அனுப்பறதுக்கு முன்னாடி படிக்கிற வழக்கமே கிடையாதா?" என்று எழுதியிருக்கிறேன். நானா? நான்தான். முகமெல்லாம் சூடு. "நேத்து அச்சகத்துல ஒரே—" என்று ஆரம்பித்தேன். அவள் காத்திருந்தாள். நானும் நிறுத்திவிட்டேன். வெட்கத்துக்கு நடுவில், சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அன்று மன்னிப்புக் கேட்டு ஓடியவளே இன்று என்னைக் கேள்வி கேட்கிறாள் என்று சந்தோஷமாக இருந்தது.

தலாஸ்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று எழுதி, கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, பதில் எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்பதைத்தான் அவருக்கு முதலில் எழுதினேன்.